இரண்டாவது அடுப்பு

12 ஜனவரி

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுவது. நான் நல்ல சுகம். முட்டி மட்டும் என்னோடு சண்டை போட்டுக்கொண்டு தனிக்குடித்தனம் போகப் பார்க்கிறது. நீயும் உன் வீட்டுக்காரியும் பாப்பாவும் சுகமா? லிஃப்ட் வேலையெல்லாம் எப்படிப் போகிறது? டவுனையே மேலே ஏற்றி இறக்குகிறாய், கவனமாக இரு. கயிறு அறுந்தால் லிஃப்டுக்கு வேறு கயிறு வரும், எனக்கு வேறு தம்பி வரமாட்டான்.

எழுத்து இவ்வளவு பெரிசாக இருக்கிறதே என்று சிரிக்காதே. வெங்காயக் கொட்டகையில் பதினெட்டு வருஷம் தரம் பிரித்த கண்ணுக்கு இவ்வளவு பெரிசாக எழுதினால்தான் தெரிகிறது. உன் கடிதத்தை இப்போதெல்லாம் பால்காரிதான் படித்துச் சொல்கிறாள். போனில் பேசலாமே என்பாய். இங்கே சிக்னல் கிடைப்பது அரவை மில் வாசலில் மட்டும். அங்கே நின்று நான் உன்னோடு பேசினால் ஊரே உன்னோடு பேசும்.

விஷயத்துக்கு வருகிறேன். உதவித்தொகை என்று ஒன்று வந்திருக்கிறது. மாதாமாதம் பெண்கள் பேரில் நேராக பேங்கிலேயே போட்டுவிடுகிறார்களாம். நடுவில் யார் கையும் படாதாம். கணக்கெடுக்க வந்த பெண் நம் வீட்டு ரேஷன் அட்டையைப் பார்த்துவிட்டு, "ஒரு அடுப்புக்கு ஒரு பொம்பளைக்குத்தாம்மா. இதுல குடும்பத் தலைவின்னு உங்க தம்பி சம்சாரம் பேருதான் இருக்கு" என்றாள். எனக்குச் சுருக்கென்றது. அம்மா போன நாளிலிருந்து அந்த அடுப்பை ஊதுகிறவள் நான். உன் பெண்டாட்டி அதில் ஒரு டம்ளர் டீ போட்டிருப்பாளா? இதைச் சொன்னால் பொல்லாதவள் என்பீர்கள். இருந்தாலும் சொல்லிவிட்டேன்.

நீ படித்தவன், ஒரு வழி சொல்லு. அந்தப் பணம் என் கைக்கு வந்தால், கொட்டகை முதலாளி முன்னால் தலையைச் சொறிந்துகொண்டு முன்பணம் கேட்டு நிற்க வேண்டாம். அவ்வளவுதான் என் ஆசை.

பாப்பா கன்னத்தில் என் பேரைச் சொல்லி ஒரு முத்தம் கொடு.

உன்
அக்கா

27 ஜனவரி

அக்காவுக்கு,

நலம். நலமறிய ஆவல்.

கடிதம் கிடைத்தது. விசாரித்தேன். உன்னைத் தனிக் குடும்பமாகக் காட்டினால் உன் பேரில் கிடைக்கும். அதற்குத் தனி அடுப்பு வேண்டும். பின்பக்கத்து விறகு அறையைக் காலி செய்து, அங்கே ஓர் அடுப்பு போட்டு, உன் சாமான்களை மாற்றிக்கொள். வீட்டுக்குள் நீ புழங்குவதை அதிகாரி பார்த்தால் விண்ணப்பம் தள்ளுபடி ஆகிவிடும். அதனால் வீட்டைப் பூட்டி இரண்டு சாவியையும் என்னிடம் கொடுத்துவிடு. கொஞ்ச நாளைக்குத்தான்.

9ஆம் தேதி ஞாயிற்றுக்கிழமை வருகிறேன். படிவத்தை நானே நிரப்பிக்கொண்டு வருவேன். நீ கையெழுத்து மட்டும் போட்டால் போதும். இதைப் பற்றி வேறு யாரிடமும் பேச வேண்டாம்.

இப்படிக்கு,
தம்பி

16 பிப்ரவரி

அன்புத் தம்பிக்கு,

நான் சுகம். நீ சுகமாக வீடு போய்ச் சேர்ந்தாயா? ஒரு வாரமாகிறது, ஒரு தகவலும் இல்லை. பாப்பாவுக்குச் சளி என்றாயே, விட்டதா?

போன கடிதத்தில் என் முட்டியைப் பற்றி எவ்வளவு அக்கறையாக விசாரித்திருந்தாய்! "அக்கா, உன் கைச் சோறு சாப்பிட்டு எத்தனை நாளாச்சு, கனவுல கூட வருது" என்று நீ எழுதியிருந்ததைப் பால்காரி படித்தபோது முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். இன்னொரு தடவை படி என்று கேட்டு வாங்கினேன். அப்படி எழுதியவன் நேரில் வந்து ஒரு வாய்கூடச் சாப்பிடாமல் பஸ்ஸுக்கு ஓடுகிறாயே, கிறுக்கா! உனக்காக ஆறு முட்டை வாங்கி வைத்திருந்தேன். மூன்றைப் பால்காரிக்குக் கொடுத்தேன். மூன்றை நானே தின்றேன், கோபத்தில்.

உன் விரல் காட்டிய மூன்று இடத்திலும் கையெழுத்துப் போட்டேன், சரியாகத்தானே விழுந்திருக்கிறது? என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டதற்கு, "எல்லாம் ஆபீஸ் பாஷைக்கா, உனக்குப் புரியாது" என்றாய். சரி, எனக்கு எதற்கு. பேங்கில் கேட்டால் காட்டச் சொன்ன நகலை டிரங்குப் பெட்டியில் துணிக்கு அடியில் வைத்திருக்கிறேன்.

அடுப்பு போட்டாயிற்று. பால்காரி களிமண் குழைத்துக் கொடுத்தாள். "சொந்த வீட்டுக்கே வாடகைக்கு வந்த மாதிரி இருக்குடி" என்றேன். விழுந்து விழுந்து சிரித்தாள். விறகு அறைக்குள் கட்டில் நுழையவில்லை, தரையில்தான் படுக்கை. தகரக் கூரை பகலில் நெருப்பாய்க் காய்கிறது. போகட்டும், கொஞ்ச நாள்தானே.

ஒன்று மட்டும் மனசுக்கு என்னவோ போலிருக்கிறது. நீ வருஷத்துக்கு ஒரு தடவை வந்தாலும் உன் சாவி எப்போதும் கதவுக்குப் பக்கத்து ஆணியில்தான் தொங்கும். நான் அதைத் தொட மாட்டேன், தினம் துடைக்க மட்டும் துடைப்பேன். இப்போது இரண்டு சாவியும் உன்னிடம். பூட்டின கதவைத் தாண்டித் தண்ணீர் எடுக்கப் போகும்போதெல்லாம் கை தானாக இடுப்பைத் தடவுகிறது.

பதில் போடு. நாலு வரியானாலும் போடு.

உன்
அக்கா

5 ஏப்ரல்

அக்காவுக்கு,

நலம். நலமறிய ஆவல்.

வேலை அதிகம், அதனால் எழுத முடியவில்லை. விண்ணப்பம் ஏற்கப்பட்டதாகத் தெரிகிறது. அதிகாரி வந்து பார்க்கும்வரை விறகு அறையிலேயே இரு. அக்கம்பக்கத்தில் யார் கேட்டாலும் தனியாக இருப்பதாகவே சொல். வீட்டு வரி இனி என் பேருக்கு வரும், அதைப் பற்றி நீ கவலைப்பட வேண்டாம்.

தம்பி

22 ஏப்ரல்

என் ராசாவுக்கு,

நான் சுகமோ சுகம். நீ, உன் வீட்டுக்காரி, பாப்பா மூவரும் சுகமா? பாப்பா "அத்தை எப்ப வரும்"னு கேட்டு அழுகிறாள் என்று எழுதியிருந்தாயாம். அன்றைக்கு முழுக்க எனக்கு வெங்காயம் இல்லாமலே கண் கரித்தது.

பணம் வந்துவிட்டதடா!

பேங்கில் அன்றைக்குத் திருவிழாக் கூட்டம். அத்தனையும் பெண்கள். ஆம்பிளைகள் எதிர்த்த டீக்கடையில் உட்கார்ந்துகொண்டு எங்களை எங்களுக்கே தெரியாமல் பார்ப்பதாக நினைத்துக்கொண்டு பார்த்தார்கள். பால்காரியின் புருஷன் பதினைந்து வருஷத்தில் முதல் தடவையாக அவளுக்குக் குடை பிடித்தான். "மழையும் இல்ல வெயிலும் இல்ல, குடை யாருக்குய்யா?" என்று அவள் கேட்டதில் வரிசையே சிரித்தது. அவள் பணத்தைத் துணிக்குள் முடிந்துகொண்டு நேராகக் கன்றுக்குட்டி பார்க்கப் போய்விட்டாள்.

எனக்குப் பணத்தைக் கையில் வாங்கியதும் என்ன செய்வதென்றே தெரியவில்லை. பெஞ்சில் உட்கார்ந்துவிட்டேன். கூலி வாங்கினால், அது கொட்டகை முதலாளி முகத்தைப் பார்த்து வாங்கினது. இதை யார் முகத்தையும் பார்த்து வாங்கவில்லை.

மறு வாரம் காய்ச்சல் வந்தது. வேலைக்குப் போகவில்லை. பதினெட்டு வருஷத்தில் முதல் தடவையாகக் காய்ச்சல்காரி மாதிரி படுத்துக் கிடந்தேன். திரும்பிப் போனபோது முதலாளி, "இப்பல்லாம் நீங்க மகாராணிங்க, நினைச்சா வருவீங்க, நினைச்சா வரமாட்டீங்க" என்று குத்தினார். "ஆமா முதலாளி, கிரீடம் வெயிட்டா இருக்கு, அதான் கழட்டி வச்சுட்டு வந்தேன்" என்றேன். எங்கிருந்து வந்ததோ அந்த வாய்! முன்பென்றால் வேலையை விட்டுத் துரத்தியிருப்பார். இப்போது ஆள் கிடைக்காது என்று அவருக்குத் தெரியும். அடுத்த வாரமே எல்லோருக்கும் கூலியைக் கூட்டிவிட்டார்.

எல்லாம் உன்னால்தான். ஆறு வயசில் அம்மா இல்லாமல் என் இடுப்பில் ஏறினவன், இன்றைக்கு எனக்கு வழி செய்து கொடுத்திருக்கிறாய். தானாடாவிட்டாலும் தன் சதை ஆடும் என்பது சும்மாவா? என் புருஷன் என்னை விட்டுவிட்டுப் போனபோது கூட, எனக்குத் தம்பி இருக்கிறான் என்றுதான் நிமிர்ந்து நின்றேன்.

அதிகாரி வந்துபோய்விட்டார். சின்னப் பையன்தான். அடுப்புக்குள் குச்சியை விட்டுக் கிளறி, "சாம்பல் இருக்கு, சரி" என்று எழுதிக்கொண்டு இரண்டு நிமிஷத்தில் போய்விட்டான். ஆகவே, ராசா, சாவியை அனுப்பி வை. வெயில் தாங்கவில்லை.

உன்
அக்கா

30 மே

அக்காவுக்கு,

நலம். நலமறிய ஆவல்.

இன்னொரு சோதனை வரும் என்கிறார்கள். சாவி இப்போது வேண்டாம். வீடு பழசாகிவிட்டது, பழுது பார்க்க வேண்டும். அதற்காக அரவை மில்காரர் ஆட்களைக் கூட்டிக்கொண்டு வந்து அளந்து பார்ப்பார். சாவி அவரிடம் இருக்கிறது. அவரிடம் நீ எதுவும் பேச வேண்டாம்.

தம்பி

19 ஜூன்

தம்பிக்கு,

நான் சுகம். நீ சுகமா?

எழுத்து சின்னதாகியிருப்பதைப் பார்த்திருப்பாய். கண்ணாடி வாங்கிவிட்டேன். இரண்டு மாதப் பணம் அதற்கே போனது. போட்டுக்கொண்டு பஸ்ஸில் திரும்பி வரும்போது எதிரே வந்த லாரியின் நம்பர் வரை சத்தம் போட்டுப் படித்தேன். பக்கத்தில் இருந்தவள் நகர்ந்து உட்கார்ந்தாள். என் கையை நானே பார்த்தேன். இத்தனை சுருக்கம் எப்போது விழுந்ததென்று தெரியவில்லை.

வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாக உன் கடிதங்களை எடுத்து வைத்துக்கொண்டேன். என் தம்பி எழுதியதை இந்தத் தடவை நானே படிக்கப்போகிறேன் என்று.

முட்டி எங்கேயடா? திருப்பித் திருப்பிப் பார்த்தேன். கைச் சோறு இல்லை. கனவு இல்லை. பாப்பா அழுதது இல்லை. நாலு வரி, அதிலும் மூன்று வரி இதைச் செய்யாதே, அதைப் பேசாதே. பால்காரியைக் கூப்பிட்டுக் கேட்டேன். தலையைக் குனிந்துகொண்டாள். "அவன் நாலு வரிதான் எழுதுறான். நீ என் வாயையே பாத்துட்டு உக்காந்திருக்க. அதோட நிறுத்த எனக்கு மனசு வரலக்கா. ரெண்டு வரி நானா சேத்தேன். தப்புன்னா அடி" என்றாள். மூன்று நாள் அவளோடு பேசவில்லை. அப்புறம் நானாகவே போய்ப் பேசினேன். அவள் மேல் எனக்கு என்ன கோபம் வந்துவிடும்?

இதோடு முடிந்திருந்தால் உனக்கு எழுதியே இருக்க மாட்டேன். கண்ணாடி சும்மா இருக்குமா? பெட்டியிலிருந்த நகலையும் எடுத்தேன். ஆபீஸ் பாஷை என்றாயே, நல்ல தமிழில்தான் இருக்கிறது. உன் கையெழுத்து எனக்குத் தெரியும். கையைப் பிடித்து எழுதச் சொல்லிக் கொடுத்தவளே நான்தான்.

தகப்பன் பெயர்: தெரியாது.
உடன்பிறந்தோர்: இல்லை.
உறவினர்: எவரும் இல்லை.
தங்குமிடம்: வீட்டு உரிமையாளர் இரக்கப்பட்டுக் கொடுத்த விறகு அறை. இந்த வீட்டின் மேல் எனக்கு எந்தப் பாத்தியதையும் இல்லை.

வீட்டு உரிமையாளர் என்ற இடத்தில் உன் பெயர். கீழே என் கையெழுத்து, மூன்று இடத்திலும் சரியாகத்தான் விழுந்திருக்கிறது.

அப்பா பேர் எனக்குத் தெரியாதா? கடைசி ஒரு வருஷம் அவரைத் தூக்கி உட்கார வைத்துத் துடைத்துவிட்டவள் நான். நீ அவர் போன மறுநாள்தான் வந்தாய்.

நேற்று மில்காரர் ஆட்களோடு வந்து வீட்டை அளந்தார். போகும்போது தடியால் விறகு அறைச் சுவரைத் தட்டி, "இந்தம்மா எப்ப காலி பண்ணும்?" என்று மேஸ்திரியிடம் கேட்டார். நான் உள்ளேதான் இருந்தேன். கையில் கரண்டியோடு நின்றுகொண்டிருந்தேன்.

ஒரே ஒரு வரி எழுது தம்பி. அவசரத்தில் ஏதோ தப்பாக எழுதிவிட்டேன் என்று எழுது. நம்பிவிடுகிறேன்.

உன்
அக்கா

21 ஜூலை

அக்காவுக்கு,

நலம்.

நீ எதையும் முழுசாகப் புரிந்துகொள்ளாமல் பேசுகிறாய். அப்படி எழுதினால்தான் பணம் கிடைக்கும் என்பது விதி. சொந்தம் இருக்கிறது என்று எழுதியிருந்தால் ஒரு காசு வந்திருக்காது. வெறும் காகிதம்தானே, அதற்காகச் சொந்தம் இல்லாமல் போய்விடுமா? உனக்கு நல்லது செய்யப்போய் எனக்குக் கெட்ட பேர்.

ஆபீஸுக்குப் போய் எதையாவது உளறி வைக்காதே. பொய் சொன்னதாகத் தெரிந்தால் பணத்தை நிறுத்துவார்கள், கொடுத்ததையும் திருப்பிக் கேட்பார்கள். கையெழுத்து உன்னுடையது. உள்ளே போகப்போவதும் நீதான்.

வீட்டு விஷயம்: இங்கே சொந்தமாக இரண்டு அறை வாங்கப் பேசியிருக்கிறேன். பாப்பா படிப்பு இருக்கிறது. அந்த வீட்டை வைத்துக்கொண்டு என்ன செய்வது? மில்காரர் நல்ல விலை தருகிறார். அறுவடை முடியும்வரை நீ விறகு அறையில் இருந்துகொள்ளலாம் என்று அவரிடம் உனக்காகப் பேசி வைத்திருக்கிறேன். மாதாமாதம் பணம் வருகிறதே, எங்காவது ஓர் அறை எடுத்துக்கொள்ளலாம்.

தம்பி

12 ஆகஸ்ட்

தம்பிக்கு,

நான் சுகம். நீங்கள் எல்லோரும் சுகமாக இருப்பீர்கள்.

உன் கடிதத்தைப் படித்துவிட்டு நாலு நாள் சோறு இறங்கவில்லை. பணம் போய்விடுமே என்ற பயம் ஒரு பக்கம். பொய் சொல்ல மாட்டேன், அந்தப் பணத்தில் எனக்கு ருசி வந்துவிட்டது. மறுபடியும் முதலாளி முன்னால் தலை சொறிய வேண்டும் என்று நினைத்தாலே உடம்பு கூசியது. இன்னொரு பக்கம், அப்பா பேர் தெரியாதவள் என்ற தாளை வைத்துக்கொண்டு வாங்கின முட்டை தொண்டையில் நிற்கிறது. கடைசியில், போனால் போகட்டும் என்று ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு ஆபீஸுக்குப் போனேன். பால்காரியும் கூட வந்தாள், கன்றைப் புருஷனிடம் ஒப்படைத்துவிட்டு.

அங்கே இருந்த அதிகாரி அம்மா மூக்குக் கண்ணாடிக்கு மேலே என்னைப் பார்த்தார். நானும் என் கண்ணாடிக்கு மேலே அவரைப் பார்த்தேன். நகலை மேஜையில் வைத்து, "அம்மா, இதுல இருக்கிறது பொய். எனக்கு அப்பா பேர் தெரியும். எனக்கு ஒரு தம்பி இருக்கான். பணத்தை நிறுத்திக்குங்க. வாங்கினதை வெங்காயம் பிரிச்சுக் கட்டிடுறேன். கண்ணாடியை மட்டும் கேக்காதீங்க" என்றேன்.

அவர் தாளைப் படித்தார். "தம்பி உங்க கூடவா இருக்காரு?"

"இல்ல, டவுன்ல. குடும்பத்தோட."

"உங்களுக்கு மாசாமாசம் ஏதாவது கொடுக்குறாரா?"

"இல்லம்மா."

"அப்புறம் எதுக்கும்மா அவரை இல்லேன்னு எழுதினீங்க? கல்யாணம் ஆகி வெளியூர்ல இருக்கிற தம்பியை நாங்க கணக்குலயே எடுக்குறதில்ல. தனி அடுப்பு இருந்தா போதும். வீடு அப்பா வீடா இருந்தாலும் எங்களுக்கு ஒண்ணுமில்ல."

"சொந்தம் இல்லேன்னு எழுதினாத்தான் பணம்னு விதி இல்லையா?" என்று கேட்டேன். இரண்டு தடவை கேட்டேன்.

"அப்படி ஒரு விதியே கிடையாதும்மா. இதை யாரு நிரப்பினது?"

நான் சொல்லவில்லை. பால்காரிதான் சொன்னாள். அந்த அம்மா பேனாவைக் கீழே வைத்துவிட்டு, "அந்த வீட்டை விக்கப் போறாங்களா?" என்று கேட்டார். பார்த்த உடனே அவருக்குப் புரிந்துவிட்டது. எனக்குத்தான் ஆறு மாதம் ஆனது.

இத்தனை நாளும் உனக்காக நானே ஒரு சமாதானம் சொல்லிக்கொண்டிருந்தேன் தம்பி. பணம் எனக்கு வர வேண்டுமே என்று எழுதிவிட்டான், வேறு வழி தெரியாமல் எழுதிவிட்டான் என்று. அந்தப் பொய் பணத்துக்கு வேண்டியதே இல்லை. வீட்டுக்குத்தான் வேண்டியிருந்தது. நானாகவே களிமண் குழைத்து அடுப்பு போட்டு, நானாகவே சாமானைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்து, நானாகவே சாவியை உன் கையில் வைத்தேன். உனக்கு நன்றியும் எழுதினேன். ஊரையெல்லாம் மேலே ஏற்றிவிடுகிறவன், என்னை விறகு அறைக்கு இறக்கிவிட்டாய். கழுத்தை அறுப்பவன்கூட முகத்தைப் பார்க்க மாட்டான் என்பார்கள். நீயோ என் பக்கத்தில் உட்கார்ந்து, எங்கே கையெழுத்துப் போடுவது என்று விரலால் காட்டினாய்.

புதுப் படிவம் கொடுத்தார்கள். நானே நிரப்பினேன். தகப்பன் பெயரை எழுதினேன், கொஞ்சம் பெரிசாகவே எழுதினேன். உடன்பிறந்தோர் என்ற இடத்தில், தம்பி ஒருவன் என்று உன் பேரை எழுதினேன். அவரால் ஆதரவு உண்டா என்று அடுத்த கட்டத்தில் இருந்தது. இல்லை என்று எழுதினேன். அது பொய்யில்லையே? பணம் நிற்காது என்று சொல்லிவிட்டார்கள்.

அப்படியே அடுத்த கட்டடத்தில் பத்திர ஆபீஸ். அப்பா வீட்டில் எனக்கும் பங்கு உண்டு, என் கையெழுத்து இல்லாமல் விற்கக் கூடாது என்று மனு கொடுத்துவிட்டு வந்தேன்.

அக்கா

19 ஆகஸ்ட்

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். நீ நலமா? முட்டி வலி எப்படி இருக்கிறது? மருந்து தடவுகிறாயா? உன் கைச் சோறு சாப்பிட்டு எத்தனை நாளாயிற்று அக்கா, கனவில்கூட வருகிறது. பாப்பா அத்தை எப்போது வரும் என்று கேட்டு அழுகிறாள்.

நடந்தது நடந்துவிட்டது. மில்காரரிடம் முன்பணம் வாங்கி இங்கே கட்டிவிட்டேன் அக்கா. இப்போது அவர் மனுவைக் காட்டி மிரட்டுகிறார். நீ ஒரே ஒரு கையெழுத்துப் போட்டால் எல்லாம் சரியாகிவிடும். என் அக்கா என்று கையெழுத்துப் போடு. என்னை வளர்த்தவள் நீ. தம்பி தெருவில் நிற்பதைப் பார்த்துக்கொண்டிருப்பாயா? ஞாயிற்றுக்கிழமை வருகிறேன். சாப்பிட்டுவிட்டுத்தான் போவேன்.

என்றும் உன் அன்புத் தம்பி

3 செப்டம்பர்

தம்பிக்கு,

உன் கடிதத்தை நானே வாய்விட்டுப் படித்தேன். பக்கத்தில் பால்காரி இருந்தாள். முட்டி வந்தது, கைச் சோறு வந்தது, கனவு வந்தது. நிறுத்திவிட்டு அவளைப் பார்த்தேன். "ஐயோ, நான் இல்லக்கா, இந்தத் தடவை நான் வாயே திறக்கல" என்று பதறினாள்.

வீட்டைவிட இதுதான் எனக்கு வலித்தது. அவள் எனக்காகச் சேர்த்த வரிகள் எவை என்று நான்தானே உனக்கு எழுதினேன்? அதையே எடுத்து எனக்குத் திருப்பி அனுப்பியிருக்கிறாய். அவள் சொன்னபோது பொய் என்று தெரியாமல் அழுதேன். நீ சொல்லும்போது அழுகைகூட வரவில்லை. சொந்தமாக ஒரு வரி உனக்கு வரவில்லையா? நான் உன்னை என்ன கேட்டேன்? சாவியைக் கேட்டேன். ஒரு வரியைக் கேட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை நீ வந்தாய். நான் கொட்டகையில் ஞாயிறு வேலை கேட்டு வாங்கிக்கொண்டு போய்விட்டேன். நீ விறகு அறை வாசலில் மத்தியானம்வரை உட்கார்ந்திருந்தாய் என்று சொன்னார்கள். அடுப்பில் ஒன்றும் வைத்திருக்கவில்லை. இதுவரை நீ வருகிற நாளில் அப்படி இருந்ததில்லை.

கையெழுத்துப் போட மாட்டேன். மில்காரருக்கு முன்பணத்தைத் திருப்பிக் கொடுப்பது உன் பாடு. உன் பங்கை நான் தின்ன மாட்டேன், பயப்படாதே. என் காலத்துக்குப் பிறகு பாப்பா வந்து கேட்டால் அவளுக்கு உண்டு.

நேற்று பூட்டுக்காரரைக் கூட்டி வந்து பழைய பூட்டை உடைத்தேன். உள்ளே ஒரே தூசி. அளந்தவர்கள் சுவரெல்லாம் நம்பர் போட்டு வைத்திருக்கிறார்கள், அப்பா படுத்திருந்த இடத்தில்கூட. துடைத்தேன், முழுசாகப் போகவில்லை. பெரிய அடுப்பைப் பற்ற வைத்தேன். பின்பக்கத்து அடுப்பும் அப்படியே இருக்கட்டும். பணத்துக்கு அது வேண்டும், அந்த ஆபீஸ் அம்மா கண்டிப்பாகச் சொன்னார்.

நீ நலமா என்று இந்தக் கடிதத்தில் கேட்கவில்லை. மறந்துபோய் இல்லை.

புதுப் பூட்டு வாங்கினேன். இரண்டு சாவி கொடுத்தார்கள். ஒன்றை இடுப்பில் செருகிக்கொண்டு, இன்னொன்றைப் பழக்கதோஷத்தில் அந்த ஆணியில் மாட்டப் போனேன். கை பாதியில் நின்றுவிட்டது. அப்புறம் இரண்டையும் ஒரே கயிற்றில் கோத்துக்கொண்டேன்.

அக்கா